முள் நடுவில் நின்றும் முகம் இருண்டது ஏன்?

கேள்வி: பழைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா வாங்கியிருக்கிறேன். வெள்ளைச் சேலை கட்டிய எங்கள் ஆச்சியைத் திண்ணையில், சுண்ணாம்புச் சுவர் ஓரமாக உட்காரவைத்து எடுத்தேன். வியூஃபைண்டரில் தெரியும் வெளிச்ச மீட்டரின் முள்ளை நடுவில் நிறுத்தித்தான் எடுத்தேன். ஆனாலும் சுவர் சாம்பலாகவும் ஆச்சியின் முகம் இருட்டாகவும் விழுந்திருக்கிறது. மீட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. ஆச்சி மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது அந்த மீட்டருக்குத் தெரியாது. எதிரில் இருப்பது திருப்பி அனுப்பும் வெளிச்சத்தைத்தான் அது அளக்கிறது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக வரும்படி கணக்குச் சொல்லும். சுவரும் சேலையும் வெள்ளை என்பதால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முகம் இருக்கும் இடம் ஏறக்குறைய வெறும் ஃபிலிமாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இனி இப்படிச் செய்யுங்கள். ஆச்சி இருக்கும் அதே நிழலில் உங்கள் உள்ளங்கையை விரித்து, வியூஃபைண்டர் முழுக்க அது நிறையும்படி கேமராவைக் கிட்டே கொண்டுபோங்கள். ஃபோகஸ் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. கேமராவின் நிழல் மட்டும் கையில் விழக் கூடாது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் திறப்பு எஃப்/8-இல் ஷட்டர் வேகம் 1/125 வினாடி வருகிறது என்று வையுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளுப்பு. அதனால் இரண்டு மடங்கு வெளிச்சம் விழும்படி ஷட்டரை 1/60-க்குத் திருப்புங்கள்.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். திரும்பி வந்து ஆச்சியை ஃபிரேம் செய்ததும் முள் நடுவை விட்டு மேலே ஏறிவிடும். கை பரபரக்கும், தொடாதீர்கள். கே1000-இல் அளவைப் பூட்டிவைக்கும் பொத்தான் கிடையாது, நீங்கள்தான் பூட்டு. வெயில் மாறாதவரை அதே அளவில் எடுத்துக்கொண்டே போகலாம்.

மீட்டர் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், நல்ல உச்சிவெயிலில் பச்சைப் புல்லைக் காட்டுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் வேகம்) 200, எஃப்/16, 1/250 வைத்தால் முள் நடுவை ஒட்டி நிற்க வேண்டும். வெகுவாக விலகினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். எல்ஆர்44 ஒன்று போதும். இந்த கேமராவில் மீட்டரை அணைக்க சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி வீணாகத் தீரும்.

ஆச்சியை மறுபடி அதே திண்ணையில் உட்காரவையுங்கள். எஃப்/8-இல் ஒன்று, ஷட்டரை மாற்றாமல் எஃப்/5.6-இல் இன்னொன்று எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும்.