நாத்தனாரை உள்ளே கூட்டிப்போங்கள்

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் வேலை. அம்மா வீடு கம்பம் பக்கம். தலைப்பிரசவத்துக்கு அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் சேர்ந்தேன். வலியில் கத்தினேன் என்று நர்ஸ் தொடையில் அடித்தார். "அப்ப இனிச்சுது, இப்ப வலிக்குதா" என்றார். பிள்ளை வெளியே வரப் பிறப்புவாயில் வெட்டியதை மரத்துப்போக ஊசி போடாமலே தைத்தார்கள். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார் அம்மா. சண்டைக்குப் போகலாம் என்றது எஸ்டேட்டில் கூட வேலை பார்க்கும் நாத்தனார் மட்டும்தான். இப்போது மறுபடி ஏழு மாதம். எஸ்டேட் வரிசை வீட்டிலேயே, லயத்திலேயே பெற்றுக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பலருக்கும் நடக்கிறது என்பது உண்மைதான். அந்த வசவைக் கேட்காத பிரசவ வார்டு குறைவு. ஆனால் அடிப்பதையும் இழிவாகப் பேசுவதையும் உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஆள் பற்றாக்குறை, வேலைப் பளு எல்லாம் நிஜம். அதற்காகக் கை நீளுமா?

லயத்தில் பிரசவம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால், ஜீப் வந்து சேர்வதற்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது துணை. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொள்ள 2016-ல் மத்திய அரசு அனுமதித்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் வந்த லக்ஷ்யா திட்டமும் அதை வலியுறுத்துகிறது. வருபவர் தானும் வலி கண்டு பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். அம்மா வேண்டாம் என்பேன். உங்களையே அடக்கப் பார்க்கிறவர், அங்கே போய் என்ன பேசுவார்? கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நாத்தனார் பிள்ளை பெற்றவர் என்றால் அவரே சரியான ஆள். அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லி, கார்டில் எழுதச் சொல்லுங்கள். போன தடவை வெட்டினார்கள் என்பதற்காக இந்தத் தடவையும் வெட்டியாக வேண்டும் என்றில்லை. தைக்க வேண்டிவந்தால் முதலில் ஊசி என்பதையும் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் நாத்தனார் ஞாபகப்படுத்துவார்.

பழைய புகாரை விட்டுவிடாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பயமாக இருந்தால் பிள்ளை பிறந்தபின் அனுப்பலாம். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 என்ற சுகாதார உதவி எண்களிலும் பேசலாம்.

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். வலி எடுத்தபின் குமுளி மலைப்பாதையில் இறங்காதீர்கள். கம்பம்தான் என்றால் ஒன்பதாம் மாதமே போய்விடுங்கள். நாத்தனாருக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காதென்றால், கேரளப் பக்கமே பதிந்துகொள்ளுங்கள். துணை விஷயத்தில் அங்கும் இதே விதிதான்.