ஷார்ப், ஃப்ளாட் குறிகள் இடம் தவறி நிற்கும்போது: கேள்வி பதில்

ஐந்து கோடுகளில் இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் மென்பொருள்களில், சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப், அரைப்படி தாழ்த்தும் ஃப்ளாட், இயல்புக்குத் திருப்பும் நேச்சுரல் ஆகிய ஆக்சிடென்டல் குறிகள் உரிய இடத்தில் அமையாதது குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் ஒரு நோட்டை (சுரக் குறியை) நகர்த்தப் போய், கை தவறி அதன் ஷார்ப் குறியை இழுத்துவிட்டேன். முந்தைய நோட்டின் மேல் ஏறி நின்ற அதைத் திரும்ப இழுத்துச் சரிசெய்தேன். அந்த பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) இரண்டு நோட்டுகளைச் சேர்த்ததும் மறுபடியும் இடம் மாறிவிட்டது.

பதில்: கையால் இழுத்துச் சரிசெய்ததுதான் சிக்கலுக்குக் காரணம். குறி எங்கே நிற்க வேண்டும் என்பதை மென்பொருள் முதலில் தானே கணக்கிடுகிறது. நீங்கள் இழுத்த தூரம் அந்தக் கணக்கின் மேல் ஏறும் ஆஃப்செட்டாக, அதாவது கூடுதல் விலகலாக, கோப்பில் பதிவாகிறது. நோட்டுகள் கூடிக் கணக்கு மாறினாலும் பழைய ஆஃப்செட் விடாமல் கூடவே வருவதால், நேற்று சரியாகத் தெரிந்தது இன்று பிசகுகிறது. குறியை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையுடன் ஆர் விசையை அழுத்துங்கள். எஃப் 8 விசையால் திறக்கும் பண்புப் பலகையில் கிடைமட்ட, செங்குத்து ஆஃப்செட் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் குறி மற்றவற்றின் மேல் ஏறி நின்றால், அதே பலகையில் தானியங்கி இடஅமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சமக்குறி விசை தெரியாமல் பட்டாலே அது அணைந்துவிடும். சிபேலியஸ் மென்பொருளில் இதே வேலையை கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய விசைகள் செய்கின்றன. எந்த மென்பொருளானாலும் முழு ஸ்கோரையும் தேர்ந்தெடுத்து இதைச் செய்ய வேண்டாம். ஸ்லர்களையும் (நோட்டுகளை இணைக்கும் வளைகோடுகள்) டைனமிக்ஸ் (ஒலியின் வலிமை) குறிகளையும் நீங்கள் பொறுமையாக நகர்த்தி வைத்த உழைப்பும் சேர்ந்து அழிந்துபோகும்.

கேள்வி: ஒரு கார்டில் (சேர்ந்தொலிக்கும் நோட்டுகளின் தொகுதியில்) மூன்று நான்கு ஷார்ப்கள் வந்தால் அவை ஒரே நேர்கோட்டில் நிற்காமல் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. இது மென்பொருளின் பிழையா?

பதில்: பிழை இல்லை, அச்சுக்கலையின் பழைய வழக்கத்தை மென்பொருள் பின்பற்றுகிறது. மேல் நோட்டின் குறி கார்டுக்கு மிக அருகில் நிற்கும். அடுத்ததாகக் கீழ் நோட்டின் குறி இடம்பெறும். மோதலுக்கு வழியில்லை என்றால் அது மேல் நோட்டின் குறியோடு ஒரே நெடுவரிசையிலேயே நிற்கும். பிறகு இடையிலுள்ளவை இடப்புறமாக விலகிச் செல்லும். ஏழாம் இடைவெளியோ அதற்கு மேலோ உள்ள இரண்டு நோட்டுகளின் குறிகள் ஒரே நெடுவரிசையில் நிற்கலாம். ஆக்டேவ் (ஒரே சுரம், அடுத்த ஸ்தாயி) என்றால் நிற்கவே வேண்டும். கீழிருந்து சி ஷார்ப், ஈ, ஜி ஷார்ப், மேல் சி ஷார்ப் என்று ஒரு கார்டு எழுதிப் பாருங்கள். இரண்டு சி ஷார்ப் குறிகளும் ஒன்றன் நேர் மேலே ஒன்றாக நிற்க, ஜி ஷார்ப்பின் குறி மட்டும் ஒரு படி இடப்புறம் தள்ளி நிற்கும். உங்கள் கோப்பில் அந்த இரண்டு சி ஷார்ப் குறிகளும் நேராக இல்லையென்றால், ஏதோ ஒன்றில் ஆஃப்செட் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பியானோ ஸ்டாஃபில் ஒரு வாய்ஸில் (ஒரே ஸ்டாஃபில் தனித்து ஓடும் இசை வரியில்) எஃப் நேச்சுரல், இன்னொன்றில் எஃப் ஷார்ப் ஒரே நேரத்தில் வருகின்றன. ஷார்ப் குறி மற்ற நோட்டின் தலைமேல் விழுகிறது.

பதில்: முதலில் வாய்ஸ்களைச் சரிபாருங்கள். மேல் வாய்ஸின் தண்டு மேல்நோக்கியும் கீழ் வாய்ஸின் தண்டு கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். இரண்டு நோட்டுகளையும் தவறுதலாக ஒரே வாய்ஸில் எழுதியிருந்தாலோ, வாய்ஸ்கள் தலைகீழாக மாறியிருந்தாலோ மென்பொருளின் கணக்கு குழம்பும். சரியான அமைப்பில் இரண்டு தலைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, குறிகள் இரண்டும் அவற்றுக்கு இடையில் நுழையாமல் இடப்புறத்தில், தலைகள் நிற்கும் அதே வரிசையில் வரும்.

எஃப் ஷார்ப்பை ஜி ஃப்ளாட் என்று எழுதினால் நெரிசல் குறையும் என்று சிலர் யோசனை கூறுவார்கள். மியூஸ்ஸ்கோரில் ஜே விசையை அழுத்தினால் அது எளிதில் நடந்தும்விடும். ஆனால் ஜி நோக்கி ஏறும் எஃப் ஷார்ப்பை ஜி ஃப்ளாட்டாக எழுதினால், வாசிப்பவர் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறுவார். கார்டின் பொருள் ஃப்ளாட்டைக் கேட்டால் மட்டும் மாற்றுங்கள். பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாற்றாதீர்கள்.

கேள்வி: ஸ்கேன் செய்து மியூசிக்எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு இடையே இசையைக் கொண்டுசெல்லும் கோப்பு வடிவம்) வழியாகத் திறந்த கோப்பில் குறிகள் விலகி நிற்பதோடு, ஒரே பாரில் ஒரே ஷார்ப் மூன்று முறை வருகிறது. மொத்தமாக அழித்துவிடலாமா?

பதில்: கூடாது. மியூசிக்எக்ஸ்எம்எல்லில் நோட்டின் ஒலி உயர்ந்திருக்கிறது என்ற தகவல் ஓரிடத்திலும், அதற்குக் குறி அச்சாக வேண்டும் என்ற தகவல் இன்னோரிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. ஸ்கேன் மென்பொருள் இரண்டில் எதையும் தவறாகப் படிக்கலாம். கீ சிக்னேச்சரையே (வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஷார்ப், ஃப்ளாட் தொகுதி) அது கவனிக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு எஃப்புக்கும் தனித்தனியாக ஷார்ப் போட்டிருக்கும். ஆகவே கீ சிக்னேச்சரை முதலில் சரியாக இடுங்கள். பல குறிகள் தாமாகவே மறையும். கையால் இட்டவையாகப் பதிவானவை மட்டும் நிற்கும்.

மீதமுள்ளவற்றை ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். மியூஸ்ஸ்கோரில் தேவையான குறியை அழித்தால் நோட்டின் ஒலியும் சேர்ந்து மாறிவிடும். நோட்டைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடியிலுள்ள நிலைப்பட்டையில் அதன் பெயரைப் பார்த்துக்கொண்டு, குறியை அழித்த பிறகு மீண்டும் பாருங்கள். எஃப் ஷார்ப் என்றே இருந்தால் அந்தக் குறி மிகையானது. எஃப் என்று மாறியிருந்தால் உடனே கன்ட்ரோல், இசட்.

கேள்வி: டை (ஒரே சுரத்தின் இரு நோட்டுகளை இணைக்கும் வளைகோடு) போட்டு அடுத்த பாருக்குச் சென்ற நோட்டில் ஷார்ப் காணவில்லையே?

பதில்: இருக்கக் கூடாது. டை வழியே ஷார்ப் தொடர்கிறது. ஆனால் அதே பாரில் பிறகு வரும் இன்னொரு எஃப் ஷார்ப்புக்குக் குறி மீண்டும் தேவை. புதிய வரி தொடங்கும் இடமாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவூட்டல் குறி இடுவது நல்லது. எழுத்துகளால் இசையை உள்ளிடும் லில்லிபாண்ட் மென்பொருளில் நோட்டின் பெயருக்குப் பின் கேள்விக்குறி இட்டால் அடைப்புக்குறியுடனும், ஆச்சரியக்குறி இட்டால் அடைப்புக்குறி இன்றியும் குறி கட்டாயமாக அச்சாகும்.

கேள்வி: இசை எழுத்துருவை மாற்றியதும் எல்லாக் குறிகளும் நோட்டை ஒட்டிக்கொண்டன.

பதில்: பிராவுரா, லேலண்ட் போன்ற எழுத்துருக்களில் குறிகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் அளவுகள் எழுத்துருவோடு வரும் தனிக் கோப்பில் இருக்கும். அதை விட்டுவிட்டு எழுத்துருவை மட்டும் நிறுவினால் இடஅமைப்பு பிசகக்கூடும். அந்தக் கோப்பையும் நிறுவிய பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால், குறிக்கும் நோட்டுக்கும் இடையிலான தூரத்தை ஸ்டைல் அமைப்பில் ஒரே இடத்தில் கூட்டுங்கள்.

கேள்வி: ஃபினாலேயில் குறிகளை நகர்த்தும் தனிக் கருவியால் நூற்றுக்கணக்கான இடங்களைத் திருத்தி வைத்திருக்கிறேன். வேறு மென்பொருளுக்கு மாறினால் அவை என்னவாகும்?

பதில்: ஃபினாலேயின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதால் மாறுவது தவிர்க்க இயலாதது. அந்தத் திருத்தங்கள் ஃபினாலேயின் இடஅமைப்புக்காகச் செய்யப்பட்டவை; டோரிகோவிலோ மியூஸ்ஸ்கோரிலோ அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். மியூசிக்எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்யும்போதே பழைய பக்கங்களை பிடிஎஃப்பாகவும் சேமித்து வையுங்கள். புதிய மென்பொருள் தானாக அமைத்த பக்கத்தை அதனுடன் ஒப்பிட்டு, உண்மையிலேயே மோதும் இடங்களை மட்டும் திருத்துங்கள்.