ஆசிட்ரோம் போடுறவங்க மஞ்சள் மிளகு கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க சென்னை வியாசர்பாடி. அம்மாவுக்கு 54 வயசு. ஹார்ட்ல செயற்கை வால்வு வச்சு ஒன்பது வருஷம் ஆகுது. ரத்தம் கட்டாம இருக்க ஆசிட்ரோம், இதயத்துக்கு லானாக்சின், நீர் பிரிய லாசிக்ஸ் போடுறாங்க. முட்டி வலிக்காக சித்தி சொல்லி ரெண்டு மாசமா தினம் மஞ்சள், மிளகு, பூண்டு, சுக்கு போட்ட கஷாயம் குடிக்கிறாங்க. இப்ப பல் விளக்கும்போது ரத்தம் வருது. போன வாரம் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்ல 5.8 வந்துச்சு, ஆஸ்பத்திரில ஆசிட்ரோம் டோஸ் குறைச்சாங்க. கஷாயத்தைப் பத்தி சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லல. நெட்ல தேடினா ஒருத்தர் குடிக்கலாம்ங்குறாங்க, ஒருத்தர் கூடாதுங்குறாங்க. எதை நம்புறது? இருமலுக்கு அதிமதுரம் குடுக்கலாமா? முருங்கைக்கீரை சாப்பிடலாமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல அவசரமானதை சொல்லிடுறேன். கஷாயத்தை இன்னையோட நிறுத்துங்க, நாளைக்குக் காலைலயே அதே ஆஸ்பத்திரிக்கு போய் ரெண்டு மாசமா என்ன குடிச்சாங்க, என்னைக்கு நிறுத்துனீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க, ஐஎன்ஆர் திரும்ப எப்ப பாக்கணும்னு கேட்டுட்டு வாங்க. ஆசிட்ரோமை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, எனக்கு 5.8ஐ விட அடுத்த ரெண்டு வாரம்தான் பெரிய கவலை. அம்மா கஷாயம் குடிச்சுட்டு இருந்தப்ப வந்த நம்பரை வச்சு அங்க டோஸை குறைச்சிருக்காங்க, கஷாயம் விஷயம் அவங்களுக்கு தெரியாது. இப்ப நீங்க பயந்துபோய் கஷாயத்தை மட்டும் சத்தமில்லாம நிறுத்திட்டா மாத்திரையும் கம்மி, கஷாயமும் இல்ல, ஐஎன்ஆர் சரசரன்னு இறங்கிடும். செயற்கை வால்வு உள்ளவங்களுக்கு, அதுவும் மைட்ரல் வால்வுன்னா, பொதுவா 2.5ல இருந்து 3.5க்குள்ள வைப்போம், அதுக்கு கீழ போனா வால்வுலயே ரத்தம் கட்டிக்கும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். ரத்தம் கசியிறது கண்ணுக்குத் தெரியும், இது முன்கூட்டி ஒண்ணும் காட்டாது. திட்டுவாங்கன்னு பயந்து சொல்லாம இருக்குறது எனக்கு நல்லாவே புரியுது, நாங்க டாக்டருங்க சில பேர் கத்துறதும் உண்மைதான், ஆனா திட்டு வாங்கினாலும் பரவால்ல, சொல்லிடுங்கம்மா.

நடுவுல மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, யூரின்ல ரத்தம் வந்தாலோ, திடீர்னு தாங்க முடியாத தலைவலி, வாய் கோணுறது, கை கால் விழுறது எது நடந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ராத்திரியானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.

இனி கஷாயம். நாட்டு மருந்துன்னாலே பொய்னு சொல்ற ஆள் நான் இல்ல, அதுல மருந்து இருக்குன்னு நம்புறதாலதான் இவ்வளவு பயப்படுறேன். ஆசிட்ரோம் கல்லீரல்ல ஒரு என்சைம் மூலமாதான் கரைஞ்சு வெளிய போகுது, அந்த என்சைமை எது மந்தமாக்கினாலும் மாத்திரை உடம்புலயே தேங்கிடும். மிளகுல இருக்குற பைப்பரின் குடல்லயும் கல்லீரல்லயும் இந்த மாதிரி வேலையெல்லாம் பாக்கும். 1998ல பெங்களூர்ல ஆராய்ச்சி பண்ணவங்க, மஞ்சளோட சத்தான குர்குமின் 2 கிராமோட வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் குடுத்தப்ப ரத்தத்துல குர்குமின் சேர்றது 2000 சதவீதம் கூடினதா எழுதினாங்க. இன்னைக்கு மஞ்சள் மாத்திரை விக்கிறவங்க எல்லாம் இதைத்தான் பெருமையா சொல்றாங்க, ஆனா அதே பைப்பரின் வலிப்புக்கு குடுக்குற ஃபெனிட்டாயின், பிரஷருக்கு குடுக்குற ப்ரோப்ரனலால் இதோட அளவையும் ஏத்தும்னு அதுக்கு முன்னாடியே பாத்திருக்காங்க, அதை யாரும் டப்பா மேல போடுறதில்ல. பூண்டும் சுக்கும் ரத்த தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதை குறைக்கும், அது இன்னொரு பக்கம்.

குழம்புல போடுற மஞ்சள் மிளகு பூண்டால ஒண்ணும் ஆகாது, வருஷக்கணக்கா அதை சாப்பிட்டுக்கிட்டேதான் டோஸ் செட் ஆகியிருக்கு. தினமும் ஸ்பூன் கணக்குல காய்ச்சி வெறும் வயித்துல குடிக்கிறது வேற.

நெட்ல ஏன் ரெண்டு விதமா வருதுன்னு கேட்டீங்கல்ல, சுக்கையே எடுத்துக்கலாம். 2005ல ஆஸ்திரேலியாவுல 12 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ஒரு வாரம் இஞ்சி குடுத்துட்டு, அப்புறம் ஆசிட்ரோம் மாதிரியே இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் ஒரே ஒரு டோஸ் குடுத்துப் பாத்தாங்க, பெருசா மாற்றம் இல்ல. இதைப் படிச்சவங்க பயமில்லன்னு எழுதுறாங்க. அதே சமயம் இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கா போடுற வயசானவங்க இஞ்சி எடுத்து ஐஎன்ஆர் ஏறி ரத்தம் வந்த தனித்தனி கேஸும் பதிவாகியிருக்கு, அதைப் படிச்சவங்க கூடாதுன்னு எழுதுறாங்க. ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஆனா அந்த 12 பேர்ல உங்கம்மா மாதிரி வால்வு வச்சு மூணு மாத்திரை போடுற 54 வயசு பொம்பள ஒருத்தர்கூட இல்லையே. மஞ்சளுக்கு 2018ல நியூசிலாந்து அரசோட மருந்து கண்காணிப்புத் துறை எச்சரிக்கையே குடுத்துச்சு, வார்ஃபரின் போட்டுட்டு இருந்த ஒருத்தர் மஞ்சள் சேர்ந்த மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துல ஐஎன்ஆர் 10ஐ தாண்டிடுச்சு.

அதனால தேடும்போது எலியிலயா, கண்ணாடிக் குழாய்லயா, மனுஷங்கள்லயா, மனுஷங்கன்னா எப்படிப்பட்ட மனுஷங்கன்னு பாருங்க. ஆசிட்ரோம்ங்குற பிராண்ட் பேருல தேடினா கொஞ்சம்தான் வரும், அசெனோகூமரால்னு போடுங்க, வார்ஃபரின்னும் போடுங்க, ரெண்டும் ஒரே குடும்பம், வெளிநாட்டு ஆராய்ச்சி பெரும்பாலும் வார்ஃபரின்லதான். மூலிகையை தாவரவியல் பேரோட தேடுங்க. மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடுற பப்மெட் தளம் இலவசம், நியூயார்க்ல இருக்குற மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் ஆஸ்பத்திரியோட மூலிகைப் பட்டியலும் இலவசம், அதுல ஒவ்வொரு மூலிகைக்கும் எந்த மாத்திரையோட ஒத்துப்போகாதுன்னு தனியா போட்டிருப்பாங்க. யூடியூப்ல பாத்து முடிவு பண்ணாதீங்கம்மா, ப்ளீஸ்.

நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. ஞாபக சக்திக்குன்னு குடுக்குற சங்குபுஷ்பி மருந்து ஃபெனிட்டாயின் அளவை குறைச்சு வலிப்பு திரும்ப வந்ததை இந்திய டாக்டர்களே 1992ல எழுதியிருக்காங்க. பாகற்காய் கறி சாப்பிட்டதும் சுகர் மாத்திரையும் சேர்ந்து சுகர் இறங்கின கேஸ் 1979லயே வந்திருக்கு. இதெல்லாம் வெளிய வந்தது என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு டாக்டர் கேட்டதாலயும், நோயாளி சொன்னதாலயும்தான். நீங்களும் 1800 180 3024க்கு போன் பண்ணி சொல்லலாம், மருந்து பக்கவிளைவை பதிவு பண்ற அரசு நம்பர், காசு கிடையாது.

அதிமதுரம் வேண்டாம், கொஞ்சமும் வேண்டாம். அது உடம்புல பொட்டாசியத்தை குறைக்கும், லாசிக்ஸும் அதே வேலையைத்தான் பண்ணுது, பொட்டாசியம் இறங்கினா லானாக்சின் விஷமாகி இதயத்துடிப்பே தாறுமாறாகும். மலச்சிக்கலுக்கு நிலாவரை சூரணம் தினம் எடுத்தாலும் இதே கதைதான். வால்வு வச்சவங்களுக்கு இருமல் விடாம இருந்தா நுரையீரல்ல நீர் கோத்திருக்கான்னும் பாக்கணும், கூடவே அதையும் காட்டிடுங்க.

முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக் குடுத்துடாதீங்க, கஷாயத்தை விட அது மோசம், வயித்துல ரத்தம் கசியும். பாராசிட்டமால் பரவால்ல, அதுவும் தொடர்ந்து நாலஞ்சு நாள் போட்டா ஐஎன்ஆர் ஏறும், அதனால கேட்டுட்டு போடுங்க. சித்த மருந்துதான் வேணும்னா, சித்தா பிரிவு இருக்குற அரசு ஆஸ்பத்திரில படிச்ச டாக்டர்கிட்ட ஆசிட்ரோம் சீட்டையும் ஐஎன்ஆர் நோட்டையும் காட்டிக் கேளுங்க, ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைல நிக்கிறவருக்கு அம்மாவோட வால்வு பத்தி தெரிய வாய்ப்பில்ல. அவங்க எது குடுத்தாலும் ஆரம்பிச்ச தேதியை அந்த நோட்டுலயே எழுதி, மூணு நாலு நாள்ல ஒரு ஐஎன்ஆர் பாத்துடுங்க.

முருங்கைக்கீரை சாப்பிடலாம். அதுல இருக்குற வைட்டமின் கே ஆசிட்ரோமுக்கு நேர் எதிரா வேலை பாக்கும், ஆனா அதுக்காக கீரையே ஒதுக்க வேண்டாம், வாரத்துல ரெண்டு நாள்னா எல்லா வாரமும் ரெண்டு நாள், கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அடுத்த மாசம் தினம் சூப் வச்சுக் குடிக்கிறதுதான் கூடாது.