ட்ரஸ் எவ்வளவு தொய்யலாம்?

கேள்வி: பல்லடம் பக்கத்துல எங்க தறிக்குடோனுக்கு 12 மீட்டர் இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்குற முக்கோணச் சட்டம்), மேலே தகர ஷீட். நூல் கட்டிப் பார்த்தா நடுவுல 30 மி.மீ. தொய்வு இருக்குதுங்க. பயப்படோணுங்களா?

பதில்: இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 800 (2007)-ன்படி, தகரக் கூரையுள்ள தொழிற்கூடத்தில் தொய்வு எல்லை நீளத்தில் 240-ல் ஒரு பங்கு, உங்களுக்கு அது 50 மி.மீ. ஆகும். விரிசல் விடும் சிமெண்ட் ஷீட் என்றால் 300-ல் ஒரு பங்கு, 40 மி.மீ.தான். ஆனால் இந்தக் கணக்கு மேலே வந்துபோகும் பாரத்துக்கு (ஆள் ஏறுவது போன்றவை) மட்டும். நூல் காட்டுவதோ ட்ரஸ், ஷீட் இவற்றின் சொந்த எடையால் வந்த தொய்வு. அதனால் ‘50-க்குள்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

போல்ட் போட்ட ட்ரஸ் என்றால், ஓட்டையில் இருக்கும் இடைவெளி நகர்ந்தே சில மி.மீ. இறங்கும், அது ஒருமுறையோடு நிற்கும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், காலையில் அளந்து எழுதி வையுங்கள். கூடிக்கொண்டே போனால்தான் வினை.

ட்ரஸின் கீழ் ஆங்கிளில் (அடிப்பக்க இரும்புச் சட்டத்தில்) ஃபேன், பைப் லைன், செயின் பிளாக் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) ஏதாவது தொங்குகிறதா? இரண்டு ஜாயின்ட்டுக்கு நடுவே தொங்கினால் ஆங்கிளே வளையும், ஜாயின்ட்டுக்கு மாற்றுங்கள். செயின் பிளாக்கை ட்ரஸில் மாட்டவே கூடாது, தனிச் சட்டம் போடுங்கள். வெல்டிங்கில் முடி போன்ற கோடு தெரிந்தால் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இரும்பு பீம் தாங்கும் மாடித் தளம் வேறு கதை: டைல்ஸ் ஒட்டிய தளத்தைத் தாங்கும் 6 மீட்டர் பீமுக்கு 360-ல் ஒரு பங்கு, சுமார் 17 மி.மீ.