டால்பினும் கடல் குகையும்

கேள்வி: டால்பின், கடல் குகை இரண்டையும் பார்க்கப் படகில் போகிறோம். எந்த நேரம் நல்லது?

பதில்: காலையிலேயே கிளம்புங்கள். காற்று எழும்புமுன் கடல் அடங்கியிருக்கும். முதுகுத் துடுப்பு தூரத்திலேயே தெரியும். எனக்கு முதல் டால்பின் கண்ணில் படுமுன் காதில்தான் விழுந்தது: படகருகே 'புஸ்' என்று ஒரு மூச்சு, அப்புறம் கையில் தெறித்த ஈரம். நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர் அது. துரத்தச் சொல்லாதீர்கள். படகு மெதுவாக, நேராகப் போனால், மனமிருந்தால் அதுவே படகின் முன்னால் எழும் அலையில் சவாரி செய்ய வரும்.

சரி, குகை? அதற்கு ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும். அப்போது தாழ்ந்த குகைக்குள் தலை இடிக்கும். நீர் வடிந்திருந்தும் அலை பெரிதென்று படகோட்டி மறுத்தால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.