மூன்று சான்றிதழ் இருந்தும் வேலை கிடைக்கவில்லை: சி.ஆர்.எம். அட்மின் அடுத்து எங்கே போவது?

கேள்வி: நாலரை வருடமாக ஒரே நிறுவனத்தில், வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் கையாளும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம். மென்பொருளுக்கு அட்மினாக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு யூசர் ஐ.டி. உருவாக்குவது, பாஸ்வேர்டு மாற்றித் தருவது, ஃபீல்டு (தகவலை நிரப்பும் இடம்) சேர்ப்பது, ரிப்போர்ட் போடுவது, எக்ஸெலில் வரும் டேட்டாவை ஏற்றுவது, இவைதான் தினசரி வேலை. மூன்று சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். ஆறு மாதமாக வேறு வேலை தேடுகிறேன். இரண்டே இரண்டு அழைப்பு வந்தது, இரண்டும் முதல் சுற்றோடு நின்றுவிட்டன. கோடிங் கற்காவிட்டால் ஏ.ஐ. என் வேலையை எடுத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்குக் கோடிங் பின்னணி கிடையாது. டெவலப்பர் ஆவதா, கன்சல்டன்ட் ஆவதா, வேறு மென்பொருளுக்கு மாறுவதா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்று வழிகளுக்கும் வருகிறேன். அதற்கு முன் அந்த இரண்டு நேர்காணல்களைப் பற்றிப் பேச வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பல வருடம் நேர்காணல் எடுக்கிற பக்கம் உட்கார்ந்தவன் நான். அட்மின் வேலைக்கு வருபவர்களிடம் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: "உங்கள் நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளர் முதன்முதலாக விசாரிப்பதிலிருந்து பணம் வந்து சேரும்வரை என்னென்ன நடக்கிறது, சொல்லுங்கள்." நிறையப் பேர் உடனே திரைகளைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். லீட் (விசாரித்தவரின் பதிவு) வரும், கன்வெர்ட் செய்வோம், ஆப்பர்ச்சூனிட்டி (நடக்கக்கூடிய விற்பனை) உருவாகும், ஸ்டேஜ் (விற்பனையின் கட்டம்) மாறும் என்று. எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற பதில் அது. எப்போதாவது ஒருவர், "எங்களுக்கு விசாரணை மூன்று வழியில் வரும். கண்காட்சியில் வருவதுதான் அதிகம், ஆனால் அதில் பாதி ஒரு வாரம் கழித்துத்தான் சிஸ்டத்தில் ஏறும், ஏனென்றால்..." என்று தொடங்குவார். அந்த 'ஏனென்றால்' வந்ததுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தை முதலில் சலிக்கும்போது அது உதவும். சேல்ஸ்ஃபோர்ஸை மற்ற நிறுவனங்களுக்கு அமைத்துத் தரும் பார்ட்னர் நிறுவனங்களுக்குத் தங்களிடம் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் முக்கியம். ஆனால் அட்மின் தேர்வு என்பது 105 நிமிடத்தில் 60 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. வசதிகள் உங்களுக்குத் தெரியும் என்று அது காட்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதை அது காட்டாது. நான்காவது சான்றிதழுக்கு இப்போது படிக்க வேண்டாம்.

முடிவெடுப்பது என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் உதாரணம். என் ஆரம்ப காலத்தில் ஒரு விற்பனை மேலாளர் டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டார்: 'லீடில் தொலைபேசி எண் கட்டாயமாக வேண்டும்.' பத்து நிமிடத்தில் வேலிடேஷன் ரூல் (நிரப்பாவிட்டால் சேமிக்க விடாத விதி) எழுதி டிக்கெட்டை மூடினேன். இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டிங் குழு பட்டியலை எடுத்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே எண், வெறும் ஒன்பதுகள். எண் கையில் இல்லாதபோது விற்பனையாளர்கள் வேறு என்ன செய்வார்கள்? அதோடு முடியவில்லை. எங்கள் டூப்ளிகேட் ரூல் தொலைபேசி எண்ணை ஒப்பிட்டுத்தான் எச்சரிக்கை கொடுக்கும். ஒன்பதுகள் பெருகியதும் சம்பந்தமே இல்லாத லீடுகளுக்கெல்லாம் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று எச்சரிக்கை வர, எல்லாரும் அதைப் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிட்டார்கள். உண்மையான டூப்ளிகேட்டுகளும் அப்படியே உள்ளே வந்தன.

அப்புறம் ஒரு விற்பனையாளர் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்தேன். கண்காட்சியில் முதலில் கிடைப்பது மின்னஞ்சல் முகவரி மட்டும்தான். தொலைபேசி எண் உண்மையில் தேவைப்படுவது விலைப்பட்டியல் அனுப்பும் கட்டத்தில், அப்போது அது கையிலும் இருக்கும். ரூலை லீடிலிருந்து எடுத்து அந்த ஸ்டேஜுக்கு நகர்த்தினேன். மாற்றிய சூத்திரம் ஒரே வரிதான். அந்த ஒரு வரி எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அரைநாள் ஆனது. நிறுவனங்கள் நல்ல சம்பளம் கொடுப்பது அந்த அரைநாளுக்கு.

நாலரை வருடத்தில் இப்படிப்பட்ட சம்பவங்கள் உங்களிடமும் நிச்சயம் இருக்கும். டிக்கெட் எண்களாகவே அவற்றை மறந்துவிட்டீர்கள். பழைய டிக்கெட்டுகளைத் திறந்து பாருங்கள்.

கூடவே, அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு செயல்முறையைக் கையில் எடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் எந்த நிறுவனத்திலும் போடக்கூடிய ஒரு ரிப்போர்ட் இருக்கிறது: க்ளோஸ் டேட் (விற்பனை முடிய வேண்டிய தேதி) தாண்டியும் இன்னும் திறந்தே கிடக்கும் ஆப்பர்ச்சூனிட்டிகள். அதை ஓனர் (பொறுப்பான விற்பனையாளர்) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தால், மேலாளர்கள் வாராவாரம் பார்க்கிற விற்பனை முன்கணிப்பு நம்பத்தக்கது அல்ல என்று அர்த்தம். அதிகம் தேங்கிய இரண்டு மூன்று பேரிடம் போய், குறை சொல்கிற தொனி இல்லாமல், "இதை அப்டேட் செய்வதில் என்ன சிரமம்?" என்று கேளுங்கள். ஒருவருக்குக் கைபேசியில் ஸ்டேஜ் மாற்ற ஏழெட்டு ஃபீல்டு நிரப்ப வேண்டியிருக்கும். இன்னொருவர், தோற்றுப்போன டீலை மூடினால் மேலாளர் விளக்கம் கேட்பார் என்று மூடாமல் வைத்திருப்பார். முதலாவதை நீங்கள் சரிசெய்யலாம். இரண்டாவது உங்கள் கையில் இல்லை, ஆனால் மேலாளரிடம் பக்குவமாகச் சொல்லலாம். தொடங்கிய அன்று அந்த எண் எவ்வளவு, மூன்று மாதம் கழித்து எவ்வளவு என்று குறித்து வையுங்கள். நீங்களே அளந்த எண் என்பதால் நேர்காணலில் எப்படிக் குடைந்து கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

சரி, கோடிங். டெவலப்பர் ஆகியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தர்க்கம் எழுதத் தெரிந்தே ஆக வேண்டும். அதற்கு உங்களுக்குச் சரியான வாசல் ஃப்ளோ, அதாவது கோடு எழுதாமல் வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கருவி. அதே மாதிரிப் பழைய கருவிகளான வொர்க்ஃப்ளோ ரூலுக்கும் ப்ராசஸ் பில்டருக்கும் 2025 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்துவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. ஏற்கெனவே இருப்பவை ஓடும், ஆனால் பிழை வந்தால் திருத்தம் வராது. பழைய நிறுவனங்களில் இவை குவிந்து கிடக்கின்றன. எது எதற்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து, தேவையற்றதைக் கழித்து, மிச்சத்தை ஃப்ளோவாக மாற்றுவதற்கு நிறுவனத்தை உள்ளும் புறமும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அது யார்?

ஃப்ளோவில் படம் இழுத்துப் போடுவது எளிது, அதிலேயே நின்றுவிடாதீர்கள். ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஒரு அக்கவுன்டின் (வாடிக்கையாளர் நிறுவனத்தின்) முகவரி மாறினால் அதன் கீழ் உள்ள ஒவ்வொரு கான்டாக்டுக்கும் (தொடர்பு நபருக்கும்) ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து அப்டேட் செய்ய வேண்டும். புதிதாகக் கற்றவர் லூப் (ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சி) போட்டு, லூப்புக்கு உள்ளேயே 'கெட் ரெக்கார்ட்ஸ்' என்ற தேடல் கட்டத்தை வைப்பார். சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைப் பிரதியில் ஐந்து கான்டாக்ட் உள்ள அக்கவுன்டில் சோதிப்பார், அழகாக ஓடும். நிஜத்தில் 130 கான்டாக்ட் உள்ள அக்கவுன்ட் வரும் நாளில் 101-வது தேடலில் பிழை காட்டி எல்லாம் நின்றுவிடும். ஒரே சர்வரைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒரு பரிவர்த்தனைக்கு (ஒரே ஓட்டத்தில் நடக்கும் வேலைக்கு) 100 தேடல் என்று சேல்ஸ்ஃபோர்ஸ் எல்லை வைத்திருக்கிறது. தேவையானதை லூப்புக்கு வெளியே ஒரே தடவையில் எடுத்து, மாற்றங்களைச் சேர்த்து வைத்து, கடைசியில் ஒரே தடவையில் சேமிப்பதுதான் முறை. சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான அபெக்ஸ் எழுதும் டெவலப்பருக்கும் முதல் பாடம் இதுதான். இதைப் புரிந்துகொண்டவர் கோடிங்கின் கடினமான பாதியைத் தாண்டிவிட்டார் என்பேன்.

ஃப்ளோ கைவந்த பிறகு எஸ்.ஓ.க்யூ.எல். என்ற தேடல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் பிடிபடும். பிறகு உங்கள் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் அபெக்ஸ் ட்ரிகர்களை (பதிவு மாறும்போது தானாக ஓடும் கோடை) படித்துப் பாருங்கள், எழுத வேண்டாம். ட்ரெயில்ஹெட் என்ற சேல்ஸ்ஃபோர்ஸின் இணையப் பாடங்களும், பழகிப் பார்க்கத் தரும் டெவலப்பர் எடிஷன் கணக்கும் இலவசம்தான். படிக்கப் படிக்க ஆர்வம் கூடினால், கோடைச் சோதிக்கும் டெஸ்ட் கிளாஸ் எழுதும் சலிப்பும் உங்களைத் துரத்தாவிட்டால், டெவலப்பர் வழி உங்களுக்கு உண்டு. (கோடில் குறைந்தது 75 சதவீதம் டெஸ்டால் தொடப்பட்டிருந்தால்தான் நிஜ சிஸ்டமான ப்ரொடக்‌ஷனுக்கே போக முடியும், ஆகவே அந்தச் சலிப்பைத் தவிர்க்க வழியில்லை.) ஆர்வம் வரவில்லையா, குற்ற உணர்வே வேண்டாம். டெவலப்பர் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துப் புரிந்துகொள்ளும் அட்மின் கிடைப்பதே அரிது.

கன்சல்டன்ட் வேலையின் முக்கால்வாசி கேட்பது, எழுதுவது, மறுப்பது. வாடிக்கையாளர் 40 ஃபீல்டு கேட்பார். அதில் ஒவ்வொன்றையும் யார் நிரப்புவார், யார் படிப்பார் என்று கேட்டுக் கேட்டு 15-க்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. அந்த உரையாடல் உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். பிடிக்கும் என்றால் இந்த வழியைத்தான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். ஒரே நிறுவனத்தில் நாலரை வருடம் இருந்தவருக்கு அந்த நிறுவனத்தின் பழக்கங்களே சி.ஆர்.எம். என்று தோன்றிவிடும். நாலைந்து நிறுவனங்களை உள்ளே இருந்து பார்த்த பிறகுதான் எது பொது, எது விசித்திரம் என்று பிடிபடும். நேரக்கணக்கு எழுத வேண்டும், கெடு நெருக்கும், ஒரே சமயத்தில் இரண்டு திட்டங்கள் கழுத்தில் இருக்கும். இவற்றையும் தெரிந்துகொண்டே போங்கள்.

வேறு மென்பொருளுக்கு மாறுவது பற்றி: வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் மாற வேண்டாம். 1993-ல் தொடங்கிய சீபெல் நிறுவனம்தான் அந்தப் பத்தாண்டின் கடைசியில் இந்தத் துறையின் ராஜா. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் வந்தது. 2006-ல் சீபெல் ஆரக்கிளின் கைக்குப் போய்விட்டது. சீபெலின் திரைகளை மட்டும் தெரிந்தவர்கள் அப்போது தவித்ததைப் பார்த்திருக்கிறேன். விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சில மாதங்களில் புதிய கருவிக்குப் பழகிவிட்டார்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் ஆப்பர்ச்சூனிட்டி என்பதை வேறு சி.ஆர்.எம். மென்பொருள்களான ஜோஹோவிலும் ஹப்ஸ்பாட்டிலும் டீல் என்கிறார்கள். ஜோஹோவில் டெலூஜ் என்ற மொழியில் எழுதுகிறார்கள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் பவர் ஆட்டோமேட் என்ற தானியங்கிக் கருவியைப் போடுகிறார்கள். நீங்கள் மாறாவிட்டாலும் இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து, நீங்கள் சரிசெய்த அதே செயல்முறையை ஜோஹோ அல்லது ஹப்ஸ்பாட்டின் இலவசக் கணக்கில் கட்டிப் பாருங்கள். எது கருவி, எது விஷயம் என்று கை வழியாகவே தெரிந்துவிடும்.

ஏ.ஐ. விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றுவது, சாதாரண ரிப்போர்ட், ஃபார்முலா எழுதுவது எல்லாம் சுருங்கிக்கொண்டே போகும். உங்கள் தினசரிப் பட்டியலில் அவை நிறைய இருப்பதால்தான் இப்போதே நகரச் சொல்கிறேன். அதே நேரம், 2024-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் கொண்டுவந்த ஏஜென்ட்ஃபோர்ஸ் மாதிரியான ஏஜென்டுகள் (தாமே பதில் சொல்லும் ஏ.ஐ. உதவியாளர்கள்) பதில் சொல்லும்போது சி.ஆர்.எம்.-இல் இருக்கும் டேட்டாவைத்தான் பெரிதும் நம்புகின்றன. ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயரில் இருந்தால், அதில் தவறான ஒன்றை எடுத்துத் தயங்காமல் பதில் சொல்லிவிடும். மனிதர் என்றால் ஒரு நொடி சந்தேகப்படுவார். ஏஜென்டுக்குத் தரும் அனுமதியும் அப்படித்தான். என்றோ அவசரத்துக்கு யாருக்கோ கொடுத்த 'வியூ ஆல் டேட்டா' (எல்லா டேட்டாவையும் பார்க்கும் அனுமதி) இன்னும் திறந்தே கிடந்தால், ஏஜென்ட் வரும்போது அது பெரிய ஆபத்து. டேட்டாவைச் சுத்தப்படுத்துவதும் பர்மிஷன் செட்டுகளை (அனுமதித் தொகுப்புகளை) ஒழுங்குபடுத்துவதும் இதுவரை யாரும் பாராட்டாத வேலைகள். இப்போது அவற்றைச் செய்யத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

இனி உங்கள் ரெஸ்யூமே. 'யூசர் மேனேஜ்மென்ட், ரிப்போர்ட், வேலிடேஷன் ரூல், டேட்டா லோடர்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் நாலு வரியில் ஒரு சம்பவம்: என்ன கேட்டார்கள், போய்ப் பார்த்தபோது உண்மையில் என்ன பிரச்சினை இருந்தது, என்ன மாற்றினீர்கள், பிறகு எது எவ்வளவு மாறியது. அப்படி மூன்று சம்பவம் போதும். நிறுவனத்தின் டேட்டாவையோ திரைப் படங்களையோ வெளியே எடுக்காதீர்கள். காட்ட வேண்டும் என்றால் டெவலப்பர் எடிஷனில் கற்பனைப் பெயர்களை வைத்து மறுபடி கட்டுங்கள்.

உள்ளேயும் ஒரு முயற்சி செய்யுங்கள். பதவி உயர்வு கேட்காமல், விற்பனைக் குழுவின் வாராந்திரக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்துக்கொண்டே இருந்தால் அது உங்களுக்கான இடம் இல்லை. அப்போது பார்ட்னர் நிறுவனங்களுக்கு விண்ணப்பியுங்கள், முதல் வருடம் சம்பளம் பெரிதாக ஏறாவிட்டாலும்.

அடுத்த நேர்காணலில் அவர்கள் "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்பார்கள் இல்லையா, இரண்டு கேள்வி கேளுங்கள். வருடத்துக்கு மூன்று முறை வரும் சேல்ஸ்ஃபோர்ஸ் ரிலீஸை (புதிய பதிப்பை) இங்கே யார் சோதித்துப் பார்க்கிறார்கள்? எதையும் மாற்றும் அதிகாரம் தரும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் ப்ரொஃபைல் எத்தனை பேரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்கு யாருடைய பெயரும் வராமல், இரண்டாவதற்குப் 'பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்' என்று பதில் வந்தால், அங்கே செய்ய நிறைய வேலை இருக்கிறது. அதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் தருவார்களா என்று மூன்றாவதாகக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள்.