கான்டர்னா மட்டும் ஏன் இந்தக் கோவம்?

கேள்வி: என்கிட்ட இருக்கறது மார்வாரி இனப் பெட்டைக் குதிரை. நடை, ட்ராட் (துள்ளு நடை) வரைக்கும் ஓகே, கான்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) கேட்டா காதைப் பின்னாடி மடிச்சு வாலை விசிறி பின்னங்காலத் தூக்குது. சினைப்பருவ மூடுன்னு கிளப்ல சொல்றாங்க, நெஜமா?

பதில்: பெட்டைன்னாலே மூடுன்னு சொல்லி முடிச்சிடறது நம்மாளுங்க பழக்கம்ங்க. சினைப்பருவம் சுமாரா 21 நாளுக்கு ஒருக்கா, அதுவும் 5-7 நாள்தான், அதனால காலண்டர்ல குறிச்சுட்டே வாங்க, தினமும் அடம்னா அனேகமா எங்கயோ வலிக்குதுன்னு அர்த்தம். முதல்ல சேணம் இல்லாம நீளக் கயித்துல ரெண்டு பக்கமும் வட்டமா ஓட விடுங்க. ஜாலியா ஓடுச்சுன்னா சேணத்தையும் நீங்க உக்கார்ற விதத்தையும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மறுத்தா பின்னங்கால் மூட்டு, முதுகு ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டணும். வயித்து வாரை இறுக்கும்போதே கடிக்க வருதா? அப்போ எனக்கு அல்சர் மேல சந்தேகம், ஏன்னா குதிரை வயித்துல ஆசிட் நாள் பூரா சுரந்துட்டே இருக்கும், வெறும் வயித்துல ஓடினா அது மேல்பக்கம் தெறிச்சு எரியும், அதான் சவாரிக்கு முன்னாடி கொஞ்சம் காஞ்ச புல் போடச் சொல்றது. எண்டோஸ்கோப்பி பாத்தாதான் உறுதியாத் தெரியும். அதுவரைக்கும் சாட்டைய எடுக்காதீங்க.